பெயிண்டுக்கு முன் பிரஷர்

புதுச்சேரியில் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் ஓய்ந்துவிட்டன. மூடிய ஆலையோ, காலி செய்த பட்டறையோ, எங்கிருந்து கழித்தாலும் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று காயலான் கடையில் எடை போட்டு விற்கப்படும்போது, நம்மில் ஒருவர் அதன் உடலை நம்பி வாங்குகிறார். சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்தால் புது மெஷின் போலவே நிற்கும். பழைய தகட்டில் உள்ள டன் கணக்கு மட்டும் அப்படியே இருக்கும். நம் கவலை அந்தத் தகட்டைப் பற்றியது.

ஒரு கணக்குப் போடுவோம். சிலிண்டர் உள்விட்டம் 100 மி.மீ., சுவர் 12 மி.மீ., அழுத்தம் சதுர செ.மீ.க்கு 200 கிலோ என்றால், பிரஸ்ஸின் விசை 15.7 டன். உள்ளே துருக்குழி இருக்கிறது என்று 104க்கு போரிங் செய்து, அதற்கேற்ற பிஸ்டனும் போடுகிறோம். அதே 200இல் விசை 17 டன் ஆகிவிடும். ஃபிரேம் இதைக் கேட்கவில்லை. ரிலீஃப் வால்வை 185க்கு இறக்கினால் ஃபிரேம் தப்பும். ஆனால் 10 மி.மீ. ஆகிவிட்ட சுவருக்கு, அந்த 185இலும் இழுவிசை முன்பைவிட 12 சதவீதத்துக்கு மேல் கூடுதல். 160இல் நிறுத்தினால்தான் சுவரும் பிழைக்கும். அப்போது அது பதின்மூன்றரை டன் பிரஸ். நன்றாகப் புதுப்பித்த மெஷின், பல நேரம், முன்பைவிடச் சிறிய மெஷின்தான்.

சிலிண்டர் வார்ப்பிரும்பு என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். எஃகு நீண்டு காட்டிக்கொடுக்கும். வார்ப்பிரும்பு சொல்லாமல் உடையும். போரிங்குக்கு முன்பே டை பெனிட்ரன்ட் போட்டு விரிசல் பார்ப்பது செலவல்ல.

கடற்காற்றில் கிடந்த ராமின் குரோம் பொரிந்திருக்கும். அதன்மேல் புது சீல் போட்டால் சில வாரத்தில் கிழியும். ராமைக் கிரைண்ட் செய்து ஹார்டு குரோம் ஏற்றுவதே வழி. பளபளப்புக்குப் போடும் மெல்லிய குரோம் உதவாது. சீல் ரப்பரையும் எண்ணெயைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மினரல் ஆயிலுக்கு நைட்ரைல் தாங்கும், இ.பி.டி.எம். ஊதிப்போகும், பிரேக் ஆயிலுக்கு நேர்மாறு.

ஆங்கிலேய அங்குலமும் பிரெஞ்சு மெட்ரிக்கும் சந்தித்த ஊர் இது. எம்16 நிப்பிள், 3/8 பி.எஸ்.பி. துளையில் இரண்டு சுற்று ஏறிவிடும். பிடித்தது போலத் தெரியும். அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு வரும். டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதற்கு முன் மரை கேஜை வைத்துப் பாருங்கள்.

சோதனைக்கு எண்ணெயோ நீரோதான். காற்றை அடைத்துப் பார்ப்பது வெடிக்கக் காத்திருப்பது. காற்றை முழுக்க வெளியேற்றி, சரிபார்த்த கேஜ் மாட்டி, புது வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கசிவை அட்டைத்துண்டால் தேடுங்கள். ஊசித்துளைக் கசிவு தோலைத் துளைத்து எண்ணெயை உள்ளே செலுத்திவிடும்.

பட்டறைகளுக்கு இவ்விதழ் வைக்கும் கோரிக்கை ஒன்றே. பழைய தகட்டைக் கழற்றி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு, புதிய உள்விட்டம், வேலை அழுத்தம், டன், சோதித்த தேதி, பட்டறைப் பெயர் ஆகியவற்றை அச்சுக்குத்திய புதுத் தகடு பொருத்துங்கள். ரிலீஃப் வால்வுக்கு ஈய முத்திரை வையுங்கள். சோதனைக் கூலியைப் பில்லில் தனி வரியாகவே எழுதுங்கள். “எதற்கு இது?” என்று கேட்பவரிடம் மேலே உள்ள கணக்கைக் காட்டலாம். டன்னைக் குறைத்து எழுதச் சம்மதிக்காதவருக்கு அந்த மெஷினை விற்க வேண்டாம்.