‘வெறும் 2,500 ரூபாய்தான் கூடுதல்!’ - ஸ்டார் ஹோட்டல் கிளப் ரூம் லாபமா, நஷ்டமா?

ஹோட்டல் புக்கிங் ஆப்பில் ஊர், தேதி, ரூம் எல்லாம் தேர்வு செய்து, பணம் கட்டப்போகும் நேரத்தில் அந்தப் பெட்டி எட்டிப்பார்க்கும். ‘கிளப் ரூமுக்கு மாறுங்கள். ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் மட்டுமே கூடுதல்!’ கூடவே ஒரு சோபா, ஜன்னலுக்கு வெளியே நகரம், மூன்றடுக்குத் தட்டில் குட்டி குட்டி கேக் என ஒரு போட்டோ. ‘ஏழாயிரம் செலவு பண்றோம், இன்னொரு ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கா யோசிக்கப்போறோம்’ என்று விரல் தானாகவே தட்டிவிடும்.

நானும் தட்டியிருக்கிறேன். அப்பா, அம்மாவின் 35-வது கல்யாண நாள். திருநெல்வேலியில் இருந்து இருவரையும் வரவழைத்து, சென்னையில் ஒரு ஸ்டார் ஹோட்டலில் இரண்டு இரவு. பெயர் வேண்டாம். இரண்டு நாளில் அந்தக் கிளப் ரூம் எங்களுக்குக் கொடுத்தது என்ன, எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதலில், இது என்னவென்றே தெரியாதவர்களுக்கு. பெரிய ஹோட்டல்களில் சில மாடிகளையோ சில அறைகளையோ தனியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஐ.டி.சி-யில் ‘டவர்ஸ்’, தாஜில் ‘தாஜ் கிளப்’, லீலாவில் ‘ராயல் கிளப்’, ஹயாத் ரீஜென்சியில் ‘ரீஜென்சி கிளப்’ என ஆளுக்கொரு பெயர். வெளிநாடுகளில் கான்சியர்ஜ் லெவல், எக்ஸிக்யூட்டிவ் ஃப்ளோர் என்றும் சொல்வார்கள். அறை பெரும்பாலும் மற்ற அறை மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் உயரத்தில். நீங்கள் கூடுதலாகக் காசு கொடுப்பது கட்டிலுக்கு அல்ல, லவுஞ்ச் என்கிற பொது அறைக்கு. காலை டிபன், நாள் முழுக்க காபி, டீ, மாலை நான்கு மணி வாக்கில் ‘ஹை டீ’, ஆறு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் மதுவும் நொறுக்குத்தீனியும். இதோடு உட்கார்ந்தபடியே செக்-இன், தாமதமாக அறையைக் காலி செய்யும் வசதி. சில இடங்களில் ஏர்போர்ட் கார், இரண்டு சட்டைக்கு இலவச இஸ்திரி என்று சேர்த்துக்கொள்வார்கள்.

வரி போடும் ட்விஸ்ட்

இப்போது அந்த 2,500 ரூபாய்க்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி விகிதங்கள் மாறின அல்லவா, அதில் ஹோட்டல் அறையும் உண்டு. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் வரி 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாக இறங்கியது. 7,500-ஐத் தாண்டினால் பழையபடி 18 சதவிகிதம்தான். இதில் கவனிக்க வேண்டியது, கோட்டைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் 18 சதவிகிதம் இல்லை. முழு வாடகைக்கும் 18. இன்கம்டாக்ஸ் ஸ்லாப் மாதிரி இது கிடையாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். சாதா ரூம் 7,200 ரூபாய். 5 சதவிகித வரி 360 சேர்த்தால் 7,560. கிளப் ரூம் 9,700 ரூபாய். 18 சதவிகித வரி 1,746 சேர்த்தால் 11,446. ஆப் காட்டிய வித்தியாசம் 2,500. உங்கள் கார்டில் இருந்து போகும் வித்தியாசம் 3,886. இரண்டு இரவுக்கு 7,772. அதாவது, கிளப் ரூமில் இரண்டு இரவு தங்கக் கொடுக்கும் கூடுதல் காசில், சாதா ரூமில் மூன்றாவது இரவே தங்கிவிடலாம்!

இதில் இன்னொரு வேடிக்கை. வரி மாறுவதற்கு முன் இதே சாதா ரூம் 12 சதவிகிதத்தோடு 8,064 ரூபாய். அப்போது உண்மையான வித்தியாசம் 3,382-தான். கிளப் ரூம் விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. சாதா ரூம் இறங்கியதால் இடைவெளி 504 ரூபாய் அகலமாகிவிட்டது. ‘வரி குறைஞ்சிருக்கே, அந்தக் காசுல அப்கிரேடு பண்ணிக்கலாமே’ என்று நினைப்பவர்கள் (நினைத்தேன்!) கையில் கிடைத்த சலுகையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலேயும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

சாதா ரூமே 7,500-க்கு மேல் என்றால் இந்த வரித் தாவல் இல்லை. 11,000 ரூபாய் ரூமில் இருந்து 14,500 ரூபாய் ரூமுக்குப் போனால் 3,500-ம் அதற்கான 18 சதவிகிதமும் சேர்த்து 4,130. அவ்வளவுதான். அதனால் சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் ஏழாயிரத்தை ஒட்டி ரூம் தேடுகிறவர்கள்தான் பேமென்ட் பக்கத்தின் கடைசி வரி வரை போய்ப் பார்க்க வேண்டும்.

மெனு கார்டு விலையில் கணக்குப் போடாதீர்கள்

‘காபி 400 ரூபாய், டிபன் தலைக்கு 1,200, மாலை டிரிங்க்ஸ் எவ்வளவு ஆகும் தெரியுமா? எல்லாத்தையும் கூட்டினா லாபம்தான்’ என்பதுதான் இதை விற்பவர்களும் வாங்குபவர்களும் சொல்லும் நியாயம். கூட்டல் சரி. ஆனால், லவுஞ்ச் இல்லாவிட்டால் அந்த 400 ரூபாய் காபியை நீங்கள் குடித்திருப்பீர்களா? எங்கள் அப்பா மாட்டார். ரோட்டைத் தாண்டிப் போய் 50 ரூபாய்க்குள் ஃபில்டர் காபி குடித்திருப்பார், கூடவே ஒரு பேப்பரும் வாங்கியிருப்பார். அவர் விஷயத்தில் அந்த காபியின் மதிப்பு 50 ரூபாய்தான். டிபன் இன்னும் மோசம். நம் ஊரில் பெரும்பாலான பேக்கேஜில் காலை டிபன் ஏற்கெனவே உண்டு. கீழே ரெஸ்டாரன்ட்டில் சுடச்சுட தோசை போட்டுத் தர ஆள் நிற்பார். மேலே லவுஞ்சில் சின்ன பஃபே. நாங்கள் இரண்டு நாளும் கீழேதான் சாப்பிட்டோம்.

ஆக மிச்சம் இருப்பது ஹை டீயும் மாலை நேரமும்தான். வீட்டில் இரண்டு பேர் மது அருந்துபவர்கள், வழக்கமாக ஹோட்டல் பாரிலேயே அருந்துபவர்கள் என்றால் கிளப் ரூம் காசு அந்த இரண்டு மணி நேரத்திலேயே வசூலாகிவிடும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை, இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பே அதுதான். ஆனால் அக்டோபர் 2 மாதிரி டிரை டே உங்கள் விடுமுறைக்குள் வந்தால், அன்று காக்டெயில் நேரம் வெறும் ஜூஸ் நேரம். எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை என்பதால் எங்களுக்கு எல்லா நாளும் ஜூஸ் நேரம்தான்.

இப்போது அந்த இரண்டாவது நாள் சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன். மதியம் தி.நகர் போனோம். அம்மாவுக்குக் கல்யாண நாள் பட்டுப்புடவை. மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் அரக்கு பார்டர் போட்ட ஒரு மயில் கழுத்து நிறப் புடவையை அம்மா கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் ரெண்டு எடுத்துப் போடச் சொல்லலாமா என்று யோசனை. அப்பா வாட்ச்சைப் பார்க்கிறார். “மணி அஞ்சே கால் ஆச்சு. ஆறு மணிக்கு மேல அங்க எல்லாம் வச்சிருப்பான். காசு குடுத்தாச்சுல்லா? கிளம்பு, நாளைக்கு வந்து எடுத்துக்கிடலாம்.”

பனகல் பார்க் டிராஃபிக்கில் ஊர்ந்து, ஏழு மணிக்கு லவுஞ்சுக்குள் நுழைந்தோம். சீஸ், ஹம்மஸ், பழம், குச்சியில் குத்திய பன்னீர். அப்பா ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு, பாதியில் நிறுத்திவிட்டு, “ராத்திரிக்குச் சாப்பாடு என்ன?” என்று கேட்டார். ரூமுக்குப் போய் ஆப்பில் இட்லி ஆர்டர் பண்ணினோம். மறுநாள் தி.நகர் போக நேரம் இல்லை. அம்மா புடவை இல்லாமல்தான் ஊருக்கு ரயில் ஏறினார்.

ஹோட்டல் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் சொன்ன நேரத்தில் சொன்னதை வைத்தார்கள். ஆனால், லவுஞ்சுக்கு ஒரு கடிகாரம் உண்டு. காசு கொடுத்துவிட்டால் அந்தக் கடிகாரத்துக்குத்தான் நாம் ஓட வேண்டியிருக்கிறது. கம்பெனி செலவில் வந்து, ஐந்தரைக்கு மீட்டிங் முடித்து, லிஃப்ட்டில் ஏறி வருகிறவருக்கு அது சரியாகப் பொருந்தும். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு மெரினாவும் மயிலாப்பூரும் களைகட்டுகிற அதே நேரத்தில்தான் லவுஞ்சிலும் தட்டு வைக்கிறார்கள்.

அப்போ யாருக்குத்தான் சரி?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. முதல் நாள் செக்-இன் வரிசையில் நிற்காமல், சோபாவில் உட்காரவைத்து, அங்கேயே கையெழுத்து வாங்கினார்கள். காபியில் சர்க்கரை வேண்டாம் என்று ஒருமுறை சொன்னதை, மறுநாள் காலை வேலையில் இருந்த அந்தப் பெண் கேட்காமலேயே ஞாபகம் வைத்திருந்தார். இரவு ரயில் என்பதால் மாலை நான்கு மணி வரை அறையைக் கொடுத்தார்கள். அம்மா மதியம் நன்றாகத் தூங்கினார். அந்த 7,772 ரூபாயில் உண்மையிலேயே பயன்பட்டது இந்த மூன்றும்தான், மூன்றிலும் சாப்பாடு கிடையாது.

ஆகவே, வயதானவர்களோடு போய் ஹோட்டலை விட்டு அதிகம் நகரப்போவதில்லை என்றால் யோசிக்கலாம். நவம்பர் மழையில் சென்னையில் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான். விடியற்காலை ஃப்ளைட்டில் இறங்கி, மதியம் வரை ரூம் கிடைக்காமல் லாபியில் பெட்டியோடு உட்கார்பவர்களுக்கும், நள்ளிரவு ஃப்ளைட்டுக்கு முன்னால் நாளெல்லாம் போக்க வேண்டியவர்களுக்கும் லவுஞ்ச் பெரிய ஆறுதல். ஆனால், அறை கிடைப்பதற்கு முன்பும் காலி செய்த பிறகும் உள்ளே விடுவார்களா என்பதைக் கேட்டு, மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘அவெய்லபிலிட்டியைப் பொறுத்து’ என்று பதில் வந்தால், அதை இல்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

குழந்தைகளோடு போகிறவர்கள் இன்னும் உஷார். மாலை மது நேரத்தில் சிறுவர்களை அனுமதிக்காத லவுஞ்சுகள் உண்டு. நாலு பேர் குடும்பத்தில் அப்பா மட்டும் மேலே போய் உட்கார்வதற்கா அவ்வளவு காசு? ஒரு ரூமுக்கு இரண்டு பேருக்குத்தான் அனுமதி, மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணம் என்பதும் சகஜம். அப்புறம் கூட்டம். மாரியட் மாதிரி செயின்களில் வருஷத்துக்கு 50 இரவு தங்கி பிளாட்டினம் ஆனவர்களுக்கு, பெரும்பாலான பிராண்டுகளில் லவுஞ்ச் இலவசம். அதனால் லாங் வீக் எண்டில் உங்கள் பக்கத்து சோபாவில் இருப்பவர் ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதவராக இருக்கலாம். போட்டோவில் இருந்த அமைதிக்கு யாரும் கேரன்டி தருவதில்லை.

சிங்கப்பூர் போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே ஹோட்டல் விலைக்குப் பக்கத்தில் ‘பிளஸ் பிளஸ்’ என்று இரண்டு கூட்டல் குறி இருக்கும். 10 சதவிகிதம் சர்வீஸ் சார்ஜ், அதன்மேல் 9 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 100 டாலர் கூடுதல் என்றால் 119.90 டாலர். ஆனால் மது அங்கே பயங்கர விலை என்பதால், அருந்துபவர்களுக்கு லவுஞ்ச் சீக்கிரம் ஈடுகட்டிவிடும். மற்றவர்கள் சிராங்கூன் ரோட்டுக்கு நடந்தால் இட்லி, காபி, வேடிக்கை எல்லாம் அங்கேயே இருக்கிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கான்சியர்ஜ் லெவல் என்ற பெயரைப் பார்த்து, கான்சியர்ஜ் உதவி அந்த மாடிக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. லாபியில் தனி மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் எல்லா அறைக்காரர்களுக்கும் பொது. சிலருடைய கோட் காலரில் குறுக்கே வைத்த இரண்டு தங்கச் சாவி பேட்ஜ் இருக்கும். 1929-ல் பாரிஸில் தொடங்கிய கான்சியர்ஜ்கள் சங்கத்தின் அடையாளம் அது. கார் ஏற்பாடு, டிக்கெட், நல்ல சாப்பாட்டுக் கடை என எதைக் கேட்டாலும் அவர் உதவுவார். சாதா ரூம்காரர் கேட்டாலும்தான். நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசியிருந்தால் தி.நகருக்கு எந்த நேரத்தில் போவது என்றாவது சொல்லியிருப்பார்.

வரும் மே மாதம் அக்கா குடும்பத்தோடு கொச்சி போகிறோம். அக்காவுக்கு இரண்டு பசங்க. ஆப்பில் அதே பெட்டி எட்டிப்பார்த்தது. தட்டாமல், ஹோட்டலுக்கு போன் போட்டேன். பசங்களுக்கு மாலையில் அனுமதி இல்லை என்றார்கள். சாதா ரூமே போட்டுவிட்டு, கடைசி நாள் கொஞ்சம் லேட்டாகக் காலி செய்ய முடியுமா என்று சும்மா கேட்டு ஒரு மெயில் தட்டினேன். மதியம் இரண்டு மணி வரை இருக்கலாம், கட்டணம் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஆனால் வழியில் ஒரு நாள் சென்னையில் இறங்கியாக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த மயில் கழுத்து நிறம் இன்னும் கடையில் இருக்கிறதா என்று தெரியவில்லை.