பிறர் வர்ணம் நம் வண்டியில்

தீபாவளிக்கு ஒரு திங்கள் முன்பே தில்லி மாநகரத்தின் தெருக்களில் வர்ண நெடி எழும்பிவிடுகிறது. ஆண்டுக்கொரு முறை இல்லத்தைத் தூய்மை செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, கதவுக்கும் கிராதிக்கும் புது வர்ணம் பூசிவிட வேண்டுமென்பது வடநாட்டார் விடாது போற்றிவரும் வழக்கம். தூய இல்லத்திற்கே திருமகள் வருவாள் என்பது அவர்தம் நம்பிக்கை. பொங்கலுக்கு வெள்ளையடித்துப் பழகிய நம்மவரும் இங்குக் குடியேறிய பின் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டோம். பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை என்று இரண்டு செலவு செய்யும் குடும்பங்களும் உண்டு.

முன்பெல்லாம் தூரிகை கொண்டு பூசினார்கள். வர்ணம் சொட்டினால் சொட்டிய இடத்தோடு நின்றுவிடும். இப்பொழுது கம்ப்ரெஸரும் தெளிப்புத் துப்பாக்கியும் வந்துவிட்டன. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் துப்பாக்கியினின்று புறப்படும் வர்ணம் முழுவதும் கிராதியில் படிவதில்லை. கம்பிகளுக்கிடையே புகுந்து, காற்றில் மிதந்து, அருகே வரிசையாக நிற்கும் மோட்டார் வண்டிகளின் மேல் தூறலாக இறங்குகிறது. மறுநாட் காலை வண்டியைத் தடவினால் சொரசொரப்புத் தட்டுகிறது. வெயில் ஏறியதும் பொட்டுப் பொட்டாக மின்னுகிறது.

இத்துன்பத்தைப் பற்றி அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவர் வாழும் கிழக்குத் தில்லிக் குடியிருப்பில் இரும்பு வேலிக்கு அலுமினிய வர்ணம் தெளித்தனர். ஏழு வண்டிகளில் தூறல் படிந்தது. பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பானெட், கூரை, இரு கதவுகள் ஆகியவற்றைத் தேய்த்தெடுத்துப் புதிதாக வர்ணம் அடித்தாலன்றி வேறு வழியில்லை என்று கூறிவிட்டார். அவர் சொன்ன தொகையைக் கேட்ட குடியிருப்புச் சங்கத்தார் ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டிய பணத்தை நிறுத்தினர். ஒப்பந்தக்காரர், வேலை செய்த இரு தொழிலாளிகளின் கூலியை நிறுத்தினார். பண்டிகைக்கு ஊர் திரும்ப இருந்த அவ்விருவரும் நாள்தோறும் வாயிலில் வந்து நின்று போகிறார்களாம். "பட்டறைக்காரர் சொல்வது மெய்தானா?" என்பது அன்பரின் வினா.

அன்பர் குறித்துள்ள அடையாளங்களைக் கொண்டு பார்க்கின், மெய்யன்று. ஏனென்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால்தான் கை பதறாது.

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டியின் மேனியில் இருப்பது ஒரே பூச்சன்று. துருப்பிடியாமல் காக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் இடைப்பூச்சு, அதன்மேல் நிறம், அனைத்திற்கும் மேலாக நிறமற்ற பளபளப்புப் பூச்சு என அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனந்தான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலிருக்கும் பளபளப்புப் பூச்சின் கனம் 40, 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் பருமனை எட்டினால் அதிகம். ஆயினும், ஏறத்தாழ 140 பாகை செல்ஸியஸ் வெப்பத்தில் வாட்டி இறுக்கியதாதலால் அது மிகவும் கெட்டியானது. அதன்மேல் வந்து விழும் தூறலோ துப்பாக்கியை விட்டுப் புறப்பட்டதும் காற்றிலேயே பாதி உலர்ந்துவிடுகிறது. ஆதலின் அது பூச்சோடு கலப்பதில்லை; அப்பளத்தின்மேல் தூவிய மாவைப் போல மேலே ஒட்டி நிற்கிறது. வேலியருகே நின்ற வண்டியைவிடச் சற்றுத் தள்ளி நின்ற வண்டியில் பொட்டுக்கள் எளிதில் பெயர்வதும் இதனாலேயே.

தெளித்துப் பூசும் இவ்வித்தையின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் டொலீடோ நகரத்து மருத்துவர் டெவில்பிஸ் என்பார் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி அமைத்தார். அவர் மகனார் 1907-ஆம் ஆண்டில் அதே முறையை வர்ணத்திற்குத் திருப்பினார். குப்பியிலடைத்துப் பொத்தானை அழுத்தித் தெளிக்கும் வர்ணம் 1949-இல் எட்வர்ட் சீமூர் என்பவர் கண்டது. அவர் முதன்முதல் அடைத்து விற்றதும் அலுமினிய வர்ணந்தான்! நம் அன்பரின் வண்டிமேல் பொழிந்தது அதன் தூரத்து உறவு எனலாம்.

இனிச் செயலுக்கு வருவோம். முதற்கண், விடியற்காலையில் வந்து துணியால் வண்டி துடைத்துச் செல்லும் தொழிலாளியிடம் சொல்லி அன்றையத் துடைப்பை நிறுத்துக. தில்லியின் புழுதியும் உலர்ந்த வர்ணத் துகளும் சேர்ந்த மேனியைத் துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். பொட்டுக்கள் போகா, கீறல்கள் மட்டும் மிஞ்சும்.

அடுத்து, தின்னரைக் கையில் எடுக்க வேண்டா. வர்ணத்தைக் கரைப்பது தின்னர், ஆகவே வர்ணத் தூறலையும் அது கரைக்கும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் எது தூறல், எது வண்டியின் சொந்தப் பூச்சு என்று பகுத்தறியும் அறிவு தின்னருக்கு இல்லை. நகப்பூச்சு நீக்கும் அஸிடோனுக்கும் இது பொருந்தும். அதிலும், முன்னமே ஒரு முறை பட்டறையில் வர்ணம் அடித்த வண்டியானால் இடர் பன்மடங்கு. டயரும் ஒயரும் பிளாஸ்டிக்கும் பொருந்திய முழு வண்டியை 140 பாகையில் வாட்ட இயலாது. நல்ல பட்டறையில் 60 பாகை வரை வாட்டுவார்கள்; தெருவோரப் பட்டறையில் வெயில்தான் அடுப்பு. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வந்த டூக்கோ என்ற நைட்ரோஸெல்லுலோஸ் வர்ணத்தின் பெயரை நம் நாட்டுத் தச்சரும் பெயின்டரும் இன்றளவும் சொல்கிறார்கள். அவ்வினத்து வர்ணம் எத்தனை ஆண்டு கழிந்தாலும் தின்னர் பட்டால் மீண்டும் இளகிவிடும். இளகினால் தூறலோடு கீழுள்ள நிறமும் துணியில் வந்துவிடும்.

தெளித்தது எவ்வகை வர்ணம் என்று வேலை செய்தவரையே கேட்டுத் தெரிந்துகொள்க. சுவருக்கு அடிக்கும் நீர்க் கலப்பு எமல்ஷனாயின், வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போர்த்தி ஊறவைத்தாலே பெரும்பகுதி விட்டுவிடும். எனாமலாயின், ஈரம் காயுமுன் கண்டால் டர்பன்டைனில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, உடனே சோப்பு நீரால் கழுவிவிடலாம். தேய்த்தல் கூடாது, ஒற்றுதல் வேண்டும். எனாமல் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று நாட்கணக்கில் இறுகுவது. ஆகையால் முதல் நாளிலேயே பார்ப்பது நன்று.

காய்ந்து போன தூறலுக்கு ஏற்ற மருந்து ‘கிளே’ என்று கடைகளில் வழங்கும் கட்டி. ஜப்பானியர் தடாவோ கோடாதே என்பவர் இதற்கு 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பெயர்தான் களிமண், உண்மையில் மென்மையான செயற்கைப் பசையில் மிக நுண்ணிய அராவு பொடி கலந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய மண் மிஞ்சியிருக்கிறதே என்று அதைக் கொண்டு தேய்த்துவிட வேண்டா! கரோல் பாக் நாய்வாலா சந்திலும் காஷ்மீரி கேட் மோட்டார் உதிரிப் பொருள் கடைகளிலும் இது கிடைக்கும். மெல்லினமே வாங்குக.

வண்டியை நிழலில் நிறுத்தி, மேனி குளிர்ந்தபின், தண்ணீரால் புழுதி போகக் கழுவி, பிறகு வண்டிக்கான ஷாம்புவால் கழுவுதல் வேண்டும். கட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, வெந்நீரில் சற்று இளக்கி, உள்ளங்கையளவு தட்டையாக்கிக் கொள்க. ஷாம்பு கலந்த நீரை மேனியில் தாராளமாகத் தெளித்து, ஈரத்தின்மேல் கட்டியை நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லவிடுக. வட்டம் போடலாகாது, அழுத்தலாகாது. தோசைக்கல்லில் எண்ணெய் தடவும் அளவு அழுத்தம் போதும். முதலில் கரகரவென்று தடுக்கும். சில முறை போனபின் ஓசை அடங்கி வழுக்கத் தொடங்கும். ஓசை அடங்கிய இடத்தில் வேலை முடிந்தது. கட்டியின் முகத்தில் துகள்கள் ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். மடித்துப் புதுமுகம் காட்டித் தொடர்க. கட்டி தவறித் தரையில் விழுந்தால் அத்துண்டின் ஆயுள் அத்தோடு முடிந்தது. கழுவிப் பயன்படுத்தலாம் என்னும் சிக்கனம் இங்கு வேண்டா. ஒட்டிய ஒரு மணல் போதும், பானெட் முழுதும் கோடு போட.

முழுதும் போயிற்றா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டும். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் அப்பொழுது தெரியும். ஒரு கதவு முடிய அரை மணி நேரம் பிடிக்கலாம். முடிந்தபின் பழைய மெழுகும் போயிருக்குமாதலால் இலேசாகப் பாலிஷும் அதன்மேல் மெழுகும் இடுதல் தேவை. பளபளப்பில்லாத மாட் பூச்சு வண்டிக்கு இம்முறை ஆகாது.

கண்ணாடிக்குக் கவலையில்லை. நன்கு நனைத்து, புதுச் சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் பொட்டுக்கள் உதிர்ந்துவிடும். முன்விளக்கின் மூடி அங்ஙனமன்று. கண்ணாடி போலத் தோன்றினும் அது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் வெடிப்போடி மங்கிவிடும். அங்கே கட்டி மட்டுமே. வர்ணம் பூசாத கருநிறப் பம்பர் ஓரங்களிலும் ரப்பர் விளிம்புகளிலும் கட்டி சிக்கிக்கொள்ளுமாகையால் மென்தூரிகையும் சோப்பு நீருமே ஏற்றவை. முழுதும் போகாமல் சில பொட்டுக்கள் அங்கு நின்றுவிடக்கூடும். அவற்றோடு சமாதானம் செய்துகொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் பெயராத தூறல் உண்டு. இரண்டு பொருள்களைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி, பாலியூரிதேன் வகைகளும், மிக அருகில் ஈரமாக விழுந்து மாதக்கணக்கில் வெயிலில் இறுகியவையும் அத்தகையன. பூச்சின் கனத்தை அளக்கும் கருவி வைத்திருக்கும் தேர்ந்தவரிடம் அவற்றை ஒப்படைக்க வேண்டும். கருவியின்றி நீர்த்தாள் போட்டுத் தேய்ப்பவரிடம் ஒப்படைப்பதைவிடப் பொட்டோடு ஓட்டுவதே மேல்.

மறுபூச்சு அடித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பழைய வண்டி வாங்க வருவோர் இக்காலத்தில் அதே கனமானியை வைத்து ஒவ்வொரு கதவையும் அளக்கிறார்கள். மறுபூச்சு என்று தெரிந்தால், மோதிய வண்டியோ என ஐயுற்று விலையைக் குறைப்பர். உலோகச் சாயல் கொண்ட நிறமாயின் பழையதும் புதியதும் வெயிலில் வெவ்வேறாகத் தோன்றும். காப்புறுதியில் கோரலாம் என்பாரும் ஒன்றை எண்ண வேண்டும்: கோரிக்கையில்லாமல் ஓட்டியோர்க்கு முதலாண்டில் 20 சதவிகிதமும், தொடர்ந்து ஐந்தாண்டு ஆனபின் 50 சதவிகிதமும் சொந்தச் சேதப் பிரிமியத்தில் கிடைக்கும் கழிவு, ஒரு கோரிக்கையோடு போய்விடும்.

ஏழு வண்டிகளுக்கும் சேர்த்துச் சில கட்டிகளும் ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டும் போதும் என்பது நம் கணிப்பு. இதற்காகவா இருவரின் கூலியைப் பிடித்து வைப்பது? துப்பாக்கியைப் பிடித்தவர் அவர்களே எனினும், வண்டிகளை மூடத் துணியும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டுவர வேண்டியவர் ஒப்பந்தக்காரர். வண்டிகளை அகற்றுமாறு முன்னறிவிப்புச் செய்ய வேண்டியவர் சங்கத்தார். சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்திலும், அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும், சேதத்திற்காகக் கூலியில் பிடித்தம் செய்வதாயின் அப்பொருள் தொழிலாளியின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் தரல் வேண்டும். தெருவில் நிறுத்திய வண்டிகளை எவரும் அவர்களிடம் ஒப்படைக்கவில்லை. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள் பண்டிகைக்கு ஊர் போவதன் அருமை நம் இதழைப் படிப்போருக்குத் தெரியாததன்று. அன்பர் இக்கட்டுரையைச் சங்கச் செயலாளரிடம் காட்டி, முதலில் கூலியைக் கொடுக்கச் செய்வாராக. கட்டியின் விலையை ஒப்பந்தக்காரரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இனி வர்ணம் தெளிக்கவிருக்கும் குடியிருப்புகள் இரண்டு நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் தேதியும் நேரமும் எழுதி வைக்கட்டும். காற்று அடங்கிய காலை வேளையே ஏற்றது. வண்டி உறை போட்டிருக்கிறோமே என்று அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டா. துணியுறையில் ஈரவர்ணம் ஊறி மேனியில் அச்சுப் பதிவதும் உண்டு. வண்டியைத் தெருக்கோடி வரை நகர்த்திவிடுவதே நலம். டர்பன்டைன் நனைத்த துணிகளைச் சுருட்டி மாடிப்படியின் கீழ் போடாதீர்கள். அங்கேதான் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்துவார்கள்.