ஒரு நாள், இருவர், கீழக்கரை

வளைகுடா நாடுகளிலிருந்து இரண்டு மாத விடுப்பில் ஊர் திரும்பும் சகோதரர்கள் அந்த அறுபது நாட்களை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். திருமண விருந்துகள், நிலப்பத்திரம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு, உறவினர் வழக்குகள்! மனைவியோடு மட்டும் கழித்த பகற்பொழுது ஒன்றேனும் உண்டா? மதுரையில் நம் பெண்கள் பலருக்குப் பயணம் என்பதே கல்யாணமாகவோ மௌத்தாகவோதான் வாய்க்கிறது.

அத்தகைய தம்பதியருக்குக் கீழக்கரையைப் பரிந்துரைக்கிறேன். சுப்ஹு தொழுதுவிட்டு மதுரையில் பேருந்து ஏறினால் முற்பகலில் அங்கிருக்கலாம். வழியில் வைகை அவ்வப்போது கண்ணில் படும். அவ்வாறு கடலை அடையும் இடத்தருகே அழகன்குளம் உள்ளது. 1986-87இல் தொடங்கி அங்கு நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த சாடிகளின் ஓடுகளும், கப்பல் உருவம் கீறிய பானையோடும் கிடைத்தன. இன்று அங்கே கண்டு களிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பேருந்திலேயே மனைவிக்கு அக்கதையைச் சொல்லிவிடுங்கள்.

கீழக்கரையில் முதலில் ஜும்ஆ பள்ளி. வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இக்கற்பள்ளியின் தூண்கள் தமிழகச் சிற்பிகளின் கைவண்ணம். உருவங்கள் இல்லை, பூவும் கொடியுமே. ஷெய்கு அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய அவ்வள்ளல் கிழவன் சேதுபதியின் நண்பர், கடல் வணிகர், உமறுப் புலவரை ஆதரித்தவர். அவரும் மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பாவும் இவ்வூரிலேயே அடங்கியுள்ளனர். பள்ளிக்குள் பெண்கள் எதுவரை செல்லலாம் என்று முன்னதாகவே கேட்டறியுங்கள். மனைவியை வெயிலில் நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் அரைமணி நேரம் தூண்களை இரசித்து வருவது அழகன்று.

பின்னர்த் தெருக்களில் நடவுங்கள். எனக்கு இவ்வூரில் பள்ளியைவிட வீடுகளே வியப்பளிப்பவை. இங்கே வீடு மகளுக்கு; மணமகன்தான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். முத்தும் சங்கும் மிளகும் விற்க ஆண்கள் மாதக்கணக்கில் கடல்மேல் சென்ற காலத்தில், ஊரைத் தாங்கியவர்கள் அவ்வீட்டுப் பெண்களே. கப்பல் போய் விமானம் வந்துவிட்டது. காத்திருப்பு மட்டும் மாறவில்லை. இதைக் கணவர் விளக்க வேண்டியதில்லை. அத்தெருவில் நடக்கையில் மனைவி சொல்லுவார், குறுக்கிடாமல் கேளுங்கள். ஆண்டுக்கணக்காகத் தொலைபேசியில் சொல்ல முடியாதவை எத்தனையோ இருக்கும்!

அஸருக்குப் பின் கடற்கரை. மன்னார் வளைகுடாவில் பெரும்பாலும் அலை அடக்கமாகவே இருக்கும், பேச்சுக்குத் தடையில்லை.

தொதல் வாங்காமல் திரும்பாதீர்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிளறிய இந்த இனிப்பு, இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் ஏறத்தாழ இதே பெயரோடு விளங்குகிறது. மரக்கலத்தில் வந்த பலகாரம்! அன்று பணப்பை மனைவியின் கையிலேயே இருக்கட்டும். எத்தனை கிலோ, எந்தப் பேருந்து என்பவற்றையும் அவரே முடிவு செய்யட்டும். பிள்ளைகளை ஒரு நாள் பாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள்.