கட்டாவுக்கும் ஒரு வகுப்பு

ஜூடோ என்றால் எதிராளியைத் தூக்கி எறிவது என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பதக்கம் அங்கேதான் கிடைக்கிறது. பயிற்சியும் அங்கேயே நின்றுவிடுகிறது. 1882இல் கொடோகான் எனும் ஜூடோப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய ஜிகோரோ கானோவோ, ரன்டோரி எனும் சுதந்திர மோதலையும் கட்டா எனும் வகுத்த முறைப் பயிற்சியையும் சேர்த்தே கற்பித்தார். இன்று கறுப்புப் பட்டித் தேர்வு நெருங்கும்போதுதான் பலர் நாகே நோ கட்டாவை உருப்போடுகிறார்கள். அதில் 15 எறிகள். ஒவ்வொன்றையும் வலப்புறமும் இடப்புறமும் செய்ய வேண்டும். எதிராளியின் சமநிலை எந்தக் கணத்தில் குலைகிறது, விழுபவர் உடலை எப்படிக் காக்கிறார் என்பதெல்லாம் அங்கே ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடும். பலத்தால் சமாளிப்பவரின் குறை உடனே வெளிப்படும்.

மாத்தளைப் பாடசாலைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஜூ நோ கட்டாவை. அதிலும் 15 நுட்பங்கள்தான். ஆனால் யாரையும் தரையில் வீழ்த்துவதில்லை, சாதாரண உடையிலேயே பழகலாம். இறத்தோட்டையிலோ உக்குவளையிலோ மெத்தை வாங்க வசதியில்லாத தோட்டப் பாடசாலைகூட வெறும் மண்டபத்தில் தொடங்கிவிடலாம். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு அடிபடும் பயமும் குறையும். சிலம்பத்தில் காலடி வரிசை பழகிய நம் பெரியவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2009இல் மால்ட்டாவில் உலகக் கட்டாப் போட்டியையே தொடங்கிவிட்டது. பயிற்றுநர்களே, வாரத்தில் ஒரு வகுப்பைக் கட்டாவுக்கு ஒதுக்குங்கள். மாவட்டப் போட்டியில் அதற்கென ஒரு பிரிவும் வையுங்கள்.