மறந்துபோகும் ஒரு மணி நேரம்

பிள்ளை உயர்நிலை ஒன்றுக்குப் போகும் ஜனவரியில் வீட்டில் எல்லாமே புதிது. சீருடை, புத்தகப்பை, பேருந்து எண், நண்பர்கள். தேவையானதைப் பட்டியல் போட்டு வாங்கிவிடுகிறோம். ஆனால், அதே மாதத்தில் பிள்ளையின் அன்றாடத்திலிருந்து ஒன்று சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறது. அதுதான் விளையாட்டு.

வானொலியில் என்னோடு பேசும் பெற்றோர் முதலில் கேட்பது துணைப்பாடம் பற்றி. அடுத்தது கைப்பேசி. “என் பிள்ளை ஓடியாடுவதே இல்லை” என்று கவலைப்படுபவர்கள் குறைவு.

தொடக்கப்பள்ளியில் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஓடினார்கள். இடைவேளையில் துரத்திப் பிடித்தார்கள். பக்கத்துப் பள்ளி என்றால் நடந்தே திரும்பினார்கள். மாலையில் புளோக்கின் கீழே சைக்கிள் ஓட்டினார்கள். உயர்நிலைக்குப் போனதும் பலருக்குப் பள்ளி தூரமாகிறது. பேருந்து, எம்ஆர்டி என்று பயணம். இடைவேளையில் ஓடினால், “நீ இன்னும் சின்னப் பிள்ளையா?” என்ற கேலி வேறு. வீட்டுக்கு வந்ததும் வீட்டுப்பாடம்.

“அதுக்குத்தான் சிசிஏ இருக்கே” என்பீர்கள். உயர்நிலையில் இணைப்பாட நடவடிக்கை கட்டாயம்தான். ஆனால், விவாதக் குழுவிலும் இசைக்குழுவிலும் வியர்க்காது. உடற்கல்வி வகுப்பும் தினமும் இல்லை. மற்ற நாள்கள்?

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் சற்று மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் தேவையில்லை. பத்துப் பதினைந்து நிமிடமாகச் சேர்ந்தாலும் கணக்குதான்.

இது உடல் எடை பற்றிய கவலை மட்டுமன்று. பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே தள்ளிப்போகும். காலை 6 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை 8 மணி நேரம் தூங்க, இரவு 10 மணிக்குள் கண்மூட வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த உடலுக்கு அது எளிதல்ல. தூக்கம் குறைந்தால் மறுநாள் எரிச்சல். “உயர்நிலைக்குப் போனதும் வாய் நீண்டுபோச்சு” என்று நாம் குறைபட்டுக்கொள்வோம். பாதிக் காரணம் அசதியாக இருக்கலாம்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயர்நிலை ஒன்றும் பருவமடையும் வயதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகின்றன. “பெரிய பிள்ளை ஆயிட்டே, இன்னும் என்ன ஓட்டம்?” “வெயில்ல நின்னா கறுத்துப் போயிடுவே.” பாட்டியோ அத்தையோ பாசமாகச் சொல்லும் வார்த்தைகள்தாம். ஆனால், நேற்றுவரை பந்து உதைத்தவள் அதைக் கேட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள். பதின்ம வயதில் ஆண்களைவிடப் பெண்களே குறைவாக உடலை அசைக்கிறார்கள் என்பது உலக அளவிலும் தெரிந்த உண்மை. நம் வீட்டில் அதற்கு நாமே துணைபோக வேண்டுமா? தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து அனுப்புங்கள், போதும்.

என்ன செய்யலாம்? முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் விளையாட்டை நிறுத்தாதீர்கள். பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கப் பழக்குங்கள். பழைய தொடக்கப்பள்ளி நண்பர்களோடு வாரம் ஒரு முறை கீழே விளையாடட்டும். புதிய பள்ளியில் தனிமையாக உணரும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

“போய் உடற்பயிற்சி செய்” என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்காது. “எனக்கும் உடம்பு வலிக்குது, ஒரு ஆட்டம் பூப்பந்து ஆடலாமா?” என்று அப்பா கேட்டால் வரலாம். இந்தச் சனிக்கிழமை மாலை கேட்டுப் பாருங்கள். ஆட்டத்தில் தோற்றாலும் பரவாயில்லை. திரும்பி வரும் வழியில் புதுப்பள்ளிக் கதைகள் நிறையக் கிடைக்கும்.