வள்ளத்தில் நாற்பது குதிரை! வலையில் மத்தி எங்கே?

மலையில் இருப்பவனுக்குக் கடல் மோட்டாரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். கூடலூர், பந்தலூர் மீன் கடைகளில் வந்து இறங்கும் மத்தியும் அயிலையும் எங்கிருந்து வருகின்றன? நாடுகாணி இறக்கத்துக்குக் கீழே உள்ள மலப்புறம், கோழிக்கோடு கரைகளிலிருந்துதானே! பொன்னானியிலும் தானூரிலும் பரப்பனங்காடியிலும் வலை இழுப்பவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர்கள். அவர்களோடு பெண் கொடுத்து, பெண் எடுத்த குடும்பங்கள் நம் மலையில் எத்தனையோ! அவர்களுடைய கடன் நமக்கு அந்நியமான கடன் அல்ல.

அந்தக் கரைகளில் பழைய 9.9 குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு 25 பூட்டுகிறார்கள். அது போதாமல் 40 பூட்டுகிறார்கள். பெரிய வள்ளமானால் ஒன்றுக்கு இரண்டு, மூன்று மோட்டார்களைத் தொங்கவிடுகிறார்கள். 'முன்னேற்றம்' என்கிறார் மோட்டார் விற்பவர். 'மீனவனின் பேராசை' என்கிறார் குளுகுளு அறையில் அமர்ந்து அறிக்கை எழுதுபவர். இரண்டுமே உண்மையல்ல!

1953-ல் இந்திய-நார்வே திட்டம் கேரளக் கரையில் கால் வைத்தது. மீனவனை வாழ வைக்க வந்ததாகச் சொன்னார்கள். அதன் வழியே வளர்ந்த இழுவைப் படகுத் தொழிலில், இறால் ஏற்றுமதியில் பணம் பார்த்தவர்கள் யார்? கடலைக் கண்ணால் கண்டிராத முதலாளிகளும் அதில் உண்டு. அடிக்கடலைச் சுரண்டும் அந்த மடி வலை, துடுப்புப் போட்ட ஏழையின் கரையோர மீனையும் வாரிக்கொண்டு போனது. போராடிப் போராடித்தான் 1988-ல் மழைக்கால இழுவைத் தடையே வந்தது. அதற்குள் துடுப்புக்காரர் வேறு வழியின்றி மோட்டாருக்கு மாறிவிட்டார். முதலில் 7, 8 குதிரைத்திறன். விசைப்படகோடு ஓடிப் பிழைக்க வாங்கிய மோட்டார் பின்னர் அண்டை வீட்டுக்காரரோடு ஓடுவதற்கு ஆகிவிட்டது. இவர் 25 பூட்டினால் அவர் 40 பூட்டுவார். எல்லோரும் 40 பூட்டிய பிறகு யார் முந்தினார்? எவரும் இல்லை!

கணக்கைப் பார்ப்போம். பாரம் ஏற்றிய வள்ளம் நீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும். இது படகு கட்டுபவர்கள் அறிந்த கணக்கு. அப்படியானால் 9.9-ஐ எடுத்துவிட்டு 25 பூட்டினால் என்ன கிடைக்கும்? வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் பெரிது. எண்ணெயோ மணிக்கு இரண்டரை மடங்கு குடிக்கும். சீக்கிரம் போய்ச் சேருகிறோமே என்று அந்த நேரத்தைக் கழித்தாலும், அதே தூரத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு எண்ணெய்! பின்பலகை பழைய மோட்டாரின் கனத்துக்குச் செய்தது. புதியதன் கனத்தையும் உதைப்பையும் தாங்காமல் அது தளர்ந்தால் அந்தச் செலவு தனி. மண்ணெண்ணெய் மானியத்தை மத்திய அரசு வெட்டிக்கொண்டே வந்த காலத்தில்தான் இந்தப் பந்தயம் நடக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மீன் நிலை என்ன? கேரளக் கரையில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் வெறும் 3,297 டன்! இதற்கு மோட்டார்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. கடலின் சூடும் மழையும் மாறியதை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். பிறகு மத்தி ஓரளவு திரும்பியும் வந்தது. ஆனால் மீன் வராத ஆண்டில் கடன்காரன் வராமல் இருந்தானா?

தரகரின் கையில் சாவி

பெரிய மோட்டாருக்குப் பணம் ஏது? கரையில் நிற்கும் தரகர் தருகிறார். அவர் கையெழுத்துக் கேட்பதில்லை, மீனைத்தான் கேட்கிறார். பிடித்ததையெல்லாம் அவர் வழியாகவே விற்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்கு ஒரு பங்கு போகும். ஆனால் அந்தப் பங்கு போவதால் அசலில் ஒரு ரூபாயும் குறையாது! இது வட்டி இல்லையாம், கமிஷனாம். பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? நம் மலைச் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலை ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவர் சொன்ன விலைக்குப் பச்சைத் தேயிலையை எடை போட்டுக் கொடுத்த சிறு விவசாயி இந்த வலையை நன்றாக அறிவார். 1990-களின் கடைசியில் இலை விலை சரிந்தபோது அது எப்படி இறுகியது என்பதும் அவருக்குத் தெரியும்.

மாற்று இல்லாமலா போய்விட்டது? 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒரு வழி காட்டியது. கிராமச் சங்கம் மீனை ஏலம் விடும், அன்றைய விற்பனையிலேயே கடன் தவணையைப் பிடித்துக்கொள்ளும். மீன் இருந்தால் தவணை, இல்லாவிட்டால் காத்திருப்பு. மோட்டாரைப் பழுது பார்க்கவும் அவர்களே பட்டறை வைத்தார்கள். பழையதைச் சரிசெய்து ஓட்ட முடிந்தால் பாதிப் பேர் புதியதைத் தேடிப் போக மாட்டார்கள். குமரி, நாகை மாவட்டக் கரைகளிலும் இந்தச் சங்கங்கள் வேலை செய்தன. வேறு சமுதாயத்து மக்கள் கூடிச் செய்து காட்டியதை நாம் ஏன் செய்யவில்லை?

வட்டி ஹராம் என்று மிம்பரில் ஏறி முழங்குகிறோம். சரிதான். இறங்கி வந்ததும் வள்ளக்காரர் கேட்கிறார்: 'ஹஸ்ரத், தரகரிடம் வாங்காதே என்கிறீர்கள், மோட்டார் பழுதாகிக் கிடக்கிறது, நீங்கள் தருவீர்களா?' நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? பள்ளிவாசல் முகப்புக்கு இரண்டாவது முறையாகப் பளிங்கு பதிக்கப் பணம் இருக்கிறது. பைத்துல்மாலில் ஒரு மோட்டாருக்கு அழகிய கடன் கொடுக்கப் பணம் இல்லையா?

அரசுக்கும் ஒரு வார்த்தை. விசைப்படகுக்கு 240 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு என்று தமிழக விதிகள் சொல்கின்றன. அதை முதலில் பெரிய படகுகளிடம் நடைமுறைப்படுத்திக் காட்டுங்கள். அதற்கு முன் 25 குதிரை பூட்டிய ஏழையின் மோட்டாரில் கை வைக்க வராதீர்கள்! மானியத்தையும் குதிரைத்திறனைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். எண்ணெய் குறைவாகக் குடிக்கும் மோட்டாருக்குக் கொடுங்கள், கரையோரப் பழுதுப் பட்டறைக்குக் கொடுங்கள்.

கூடலூர், பந்தலூர் ஜமாஅத் நிர்வாகிகள் வரும் மாதக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். பொன்னானி, தானூர் மஹல்லாக்களோடு சேர்ந்து முதலில் பத்து மோட்டார்களுக்கு ஒரு கடன் நிதி. பொறுப்பேற்க முன்வருவோர் அவரவர் ஊர்க் கிளையில் பெயர் கொடுக்கலாம்.