கண்ணிவெடி தேடும் எலிகள்



மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாற்போல என்று வீண் முயற்சியை நம் முன்னோர் நகையாடினர். எலி என்றாலே நமக்கு அவ்வளவு இளக்காரம். நெல் மூட்டையைக் கடிக்கும், நூல்களைப் பாழாக்கும் அவ்வுயிருக்குப் பொறி வைப்பதைத் தவிர வேறு உறவு நமக்கில்லை. ஆயினும் இத்திங்கள் நாம் கூறவிருப்பது பதக்கம் பெற்ற ஓர் எலியைப் பற்றி.

கம்போடியா நாட்டில் பல்லாண்டுகள் நீடித்த போர் 1998-இல் ஓய்ந்தது. படைகள் கலைந்தன, அவை புதைத்த கண்ணிவெடிகள் மண்ணிலேயே தங்கின. ஈழத்து வாசகர்கள் மிதிவெடி என்பார்களே, அதே கொடிய பொருள்தான். 1979 முதல் 64,000-க்கும் மேற்பட்டோர் இவற்றாலும், வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் அங்கே இறந்தனர் அல்லது உறுப்பிழந்தனர். ஏர் பிடிக்கும் உழவனுக்கும், மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் சொந்த வயலே பகையாயிற்று.

இவற்றைத் தேட உலோகங்காட்டும் கருவிகள் உண்டு. ஆனால் துருப்பிடித்த ஆணியைக் கண்டாலும், தகரத் துண்டைக் கண்டாலும் அக்கருவி ஒலிக்கும். ஒலித்த இடமெல்லாம் மண்டியிட்டு, மண்ணை மெல்லச் சுரண்டிப் பார்த்தாக வேண்டும். ஒரு டென்னிஸ் திடல் அளவு நிலத்தைச் சோதிக்க நான்கு நாட்கள் வரை ஆகும்.

பார்ட் வீட்ஜென்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர், சிறு வயதில் எலிகளைச் செல்லமாய் வளர்த்தவர். அவற்றின் மோப்பத்தை நன்கு அறிந்திருந்த அவர், இப்பணிக்கு அவற்றையே பழக்கினால் என்ன என்று எண்ணினார். அவ்வெண்ணத்திலிருந்து 1997-இல் 'அபோபோ' என்னும் நிறுவனம் பிறந்தது. தான்சானியா நாட்டின் மொரோகோரோ நகரிலுள்ள சொகொய்ன் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதன் பயிற்சிக்கூடம் அமைந்தது. மாணவர்களாய் வந்தவை, கன்னங்களில் பை போன்ற அமைப்புடைய ஆப்பிரிக்கப் பெரிய எலிகள். கண் பார்வை மங்கல். மூக்கோ மிகக் கூர்மை.

பயிற்சி முறையை நாம் மிகவும் சுவைத்துப் படித்தோம். வெடிமருந்தின் மணத்தை எலி சரியாகச் சுட்டினால் 'கிளிக்' என்று ஓர் ஒலி எழுப்புவர். உடனே ஒரு துண்டு வாழைப்பழம். தவறினால் அடியில்லை, வசவில்லை; பழமும் இல்லை, அவ்வளவே. (ஆசிரியப் பெருமக்கள் கவனிக்க!) ஏறத்தாழ ஓராண்டில் எலி தேர்ச்சி பெறுகிறது.

களத்தில் இருவர் எதிரெதிரே நின்று ஒரு கயிற்றைப் பிடிப்பர். உடல்வாரால் அதில் பிணைக்கப்பட்ட எலி, அங்குமிங்கும் ஓடி மோந்து பார்க்கும். ஆணியையும் தகரத்தையும் அது பொருட்படுத்தாது. வெடிமருந்தின் மணம் வந்தால் மட்டும் மண்ணைப் பிறாண்டும். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் வெடியின் மீதே நடந்தாலும் அது வெடிப்பதில்லை. அதே டென்னிஸ் திடலை எலி அரை மணியில் முடித்துவிடும். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடுகிறது. வெயிலில் புண்ணாகாதிருக்க அதன் காதிலும் வாலிலும் களிம்பு தடவுகிறார்கள் என்பதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, நெகிழ்ச்சியும் வந்தது.

இவ்வாறு பழகிய எலிகளுள் மகாவா என்பதும் ஒன்று. 2013-இல் தான்சானியாவில் பிறந்து, 2016-இல் கம்போடியா சென்ற அது, 71 கண்ணிவெடிகளையும் 38 வெடிக்காத குண்டுகளையும் கண்டுபிடித்தது. ஏறத்தாழ 55 ஏக்கர் நிலம் அதன் உதவியால் மக்கள் கைக்கு மீண்டது. 2020 செப்டம்பரில் பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ. என்னும் விலங்கு நல அமைப்பு, அதன் வீரத்திற்காகத் தங்கப் பதக்கம் அணிவித்தது. அவ்விருதுகளின் 77 ஆண்டு வரலாற்றில் பதக்கம் பெற்ற முதல் எலி அதுவே. 2021 ஜூனில் ஓய்வு பெற்று, 2022 ஜனவரியில் அது இறந்தது.

வீரம் என்றார்களே, அதில் மட்டும் நமக்குச் சிறு தயக்கம். மகாவா அறிந்தது வாழைப்பழத்தை. ஆபத்தை அறிந்தே அடுத்த அடி வைப்பவர்கள், கயிற்றைப் பிடித்திருக்கும் அந்த இருவரும், எலி காட்டிய இடத்தைத் தோண்டி வெடியை அகற்றுவோருமே. அவர்கள் பெயர்கள் செய்திகளில் அரிதாகவே வருகின்றன.

தான்சானியாவில் இவ்வினத்து எலிகள் காசநோயாளரின் சளியையும் மோந்து பார்க்கின்றன. நூறு மாதிரிகளைச் சோதிக்க இருபது நிமிடங்கள் போதும். நோயில்லை என்று மருத்துவ நிலையங்கள் கருதியவர்களிடமும் நோய் உண்டெனக் காட்டியுள்ளன. அதை ஆய்வுக்கூடம் உறுதி செய்த பின்னரே நோயாளிக்கு அறிவிக்கின்றனர்.

மனிதர் செய்தியோ வேறு. கண்ணிவெடிகளைத் தடை செய்ய 1997-இல் ஒட்டாவா நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 160-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்தன. 2025-இல் பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய ஐந்து நாடுகள், ரஷ்யாவின் அச்சுறுத்தலைக் காரணம் காட்டி அதிலிருந்து விலக முடிவு செய்தன. அவர்தம் அச்சம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் புதைத்தவரின் போர் முடிந்த பின்னரும் வெடி காத்திருக்கும் என்பதைக் கம்போடியா உழவரிடம் கேட்டறியலாம்.

அங்கே பிரெயா விகார் மாநிலத்தில் 2021 முதல் உழைத்த ரோனின் என்னும் எலி, 109 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து மகாவாவை மிஞ்சி, கின்னஸ் சாதனை படைத்ததாக 2025 ஏப்ரலில் அறிவித்தனர். அப்போது அதற்கு வயது ஐந்து. இன்னும் ஈராண்டோ அதற்கு மேலோ அது பணி செய்யக்கூடும் என்று அபோபோ நிறுவனத்தார் அன்று கூறினர்.